மண் பழுக்க ஆண்டுகள் வேண்டும்

(நம் சங்க ஆண்டு விழாவில் தோட்டக் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)

     

இசையும் கூத்தும் இனிது நடந்தேறிய இம்மேடையில், சிற்றுண்டி மணம் பந்தலுக்குள் புகுந்துவிட்ட இவ்வேளையில், மண்ணையும் எருவையும் பற்றிப் பேசுமாறு எங்களைப் பணித்திருக்கிறார்கள். விழாவுக்கு வந்தோர் பாட்டும் கதையும் நாடுவர். சாணமும் சருகும் நாடார். எனினும், கத்தரிக்காய் இல்லாமல் நம் வீட்டுச் சாம்பார் இல்லை. நல்ல மண் இல்லாமல் நல்ல கத்தரிக்காய் இல்லை. ஆகவே சிறிது நேரம் பொறுத்தருள வேண்டுகிறோம். உரையின் முடிவில் ஒரு வேண்டுகோளும் உண்டு. அது விரைவில் கூடவிருக்கும் பொதுக்குழுவின் முன் வைக்கப்படும்; ஆதலின் சற்றே கருத்தூன்றிக் கேட்பீர்களாக.

நம் காலனியின் மேற்கு எல்லையில் நெடுநாள் வெறுமையாய்க் கிடந்த திடலை 12 மனைகளாகப் பகுத்துக் காய்கறி பயிரிடலாம் என்ற இசைவு நமக்கு 2022ஆம் ஆண்டில் கிடைத்தது. ஒவ்வொரு மனையும் 20 அடி நீளம், 12 அடி அகலம். நிலம் நமக்குச் சொந்தமன்று. இசைவும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதே. மனை கேட்ட குடும்பங்களோ 12க்கு மேற்பட்டவை. யார் மனமும் நோகாதிருக்க வழி என்னவென்று ஆராய்ந்தோம். சோழர் காலத்து உத்திரமேரூரில் குடவோலை இட்டு வாரியங்களைத் தெரிந்தெடுத்த செய்தி நம் நினைவுக்கு வந்தது. 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுக்கள் அம்முறையை விரித்துரைக்கின்றன. அவ்வாரியங்களுள் தோட்ட வாரியம் என்பதும் ஒன்று. அங்கு ஓராண்டுக்கு ஒருமுறை வாரியம் மாறியது; அதுபோலவே நாமும் ஒவ்வொரு சித்திரையிலும் சீட்டுக் குலுக்கி மனைகளைப் பங்கிட்டோம். நேர்மையான முறை என்று எல்லோரும் பாராட்டினர், நாங்களும் மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சியில் நாங்கள் காணத் தவறிய பிழை ஒன்று உண்டு. அதனை இறுதியில் சொல்வோம்.

முதலில் நம் மண்ணை அறிந்துகொள்வோம். துர்க்கும் ராய்ப்பூரும் அடங்கிய இச்சத்தீஸ்கர் சமவெளியின் உழவர்கள், மண்ணைத் தொட்டுப் பார்த்தே நான்கு பெயரிட்டு வழங்குகிறார்கள். மேட்டில் கிடப்பது பாட்டா, சிவந்த சரளை மண், ஆழம் குறைவு, பெய்த மழையைத் தாங்கி வைத்துக்கொள்ளாது. அதற்குக் கீழே மட்டாசி. மஞ்சள் நிறமும் மணல் கலப்பும் உடையது. அதற்கும் கீழே டோர்சா; களி சற்று மிகுந்தது. பள்ளத்தில் கன்ஹார், நம் கோவில்பட்டிக் கரிசலைப் போல மழையில் ஒட்டிக் கோடையில் பிளக்கும் கருமண். மேட்டிலிருந்து பள்ளத்திற்கு ஒரு நாழிகை நடந்தால் நான்கையும் மிதித்துவிடலாம். கட்டடங்களுக்கு ஏற்றது மேடு. ஆதலின் நம் காலனி எழுந்ததும் பாட்டாவின்மேல்தான்.

இந்தச் செஞ்சரளை நமக்கு முற்றும் புதிதன்று. தஞ்சையை அடுத்த வல்லத்து மேட்டிலும் புதுக்கோட்டைப் பக்கத்திலும் செம்புராங்கல் என்று நாம் சொல்வதன் இனமே இது. 1807இல் வெளிவந்த தம் பயண நூலில் பிரான்சிஸ் புக்கானன் என்பார், மலையாள நாட்டு அங்காடிப்புரத்தில் இக்கல்லைக் கண்டு, இலத்தீன் மொழியில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து ‘லேட்டரைட்’ என்று பெயர் சூட்டினார். வெட்டும்போது மென்மையாயிருந்து, காற்றும் வெயிலும் பட்டபின் இறுகிப்போவது இதன் இயல்பு. பல்லாயிரம் ஆண்டு மழையில் சுண்ணாம்பும் சத்துக்களும் கரைந்தோடிவிட, இரும்பும் அலுமினியமும் மிஞ்சி நிற்பதால் வந்தது இந்தச் சிவப்பு. இத்தகைய மண் பெரும்பாலும் புளிப்புடையது. நாம் இடும் மணிச்சத்தை அந்த இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொண்டு, வேருக்கு எளிதில் விடுவதில்லை. அன்றியும் நம் திடலில் பழைய கட்டட வேலையின் செங்கல் துண்டும் சுண்ணச் சாந்தும் ஓரிடத்தில் புதைந்து கிடந்தன. அவ்விடத்தில் மட்டும் மண் புளிப்புக்கு மாறாகக் காரமாயிருந்தது.

இதனை அறியாமல் முதலாண்டில் நாம் செய்த பிழைகள் பல. அவற்றைச் சொல்வதில் வெட்கமில்லை, கேட்டவர்க்குப் பயனுண்டு.

சிலர் பள்ளத்துக் கருமண்ணை டிராக்டரில் தருவித்து ஒரு சாண் உயரம் பரப்பினார்கள். பார்வைக்கு அழகாகவே இருந்தது. ஆனால் அடியிலிருந்த சரளையைக் கிளறவுமில்லை, இரண்டையும் கலக்கவுமில்லை. ஆடி மாதத்து அடைமழையில் மேலே இட்ட களி நீரைத் தாங்கிக்கொண்டு சேறாய் நின்றது. வேர்கள் மூச்சுத் திணறி அழுகின. மார்கழியில் அதுவே காய்ந்து வெடித்தது. வேறு மண்ணைக் கொணர்ந்து அடுக்குவது மண்ணைத் திருத்துவதாகாது என்பதை அன்று கற்றோம்.

வேறு சிலர் வைக்கோலையும் மரத்தூளையும் பச்சையாகவே பாத்தியில் புதைத்தார்கள். மக்கிவிடும் என்று நம்பினார்கள். மக்கவும் செய்தது. ஆனால் மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கும் உணவு வேண்டுமன்றோ! கரிமம் மிகுந்து தழைச்சத்துக் குறைந்த வைக்கோலைத் தின்பதற்கு, அவை மண்ணிலிருந்த தழைச்சத்தையெல்லாம் தமக்கென எடுத்துக்கொண்டன. வெண்டைச் செடிகள் வெளுத்து நின்றன. இன்னும் சிலர் ஈரச்சாணத்தை அப்படியே செடியின் காலடியில் கொட்டினார்கள். செடியின் வேர் வெந்தது. யூரியாவை அள்ளி வைத்தவர்களுக்கோ இலை இருந்தது, காய் இல்லை.

யூரியாவை நாம் பழிக்கவில்லை. நூறு பங்கில் 46 பங்கு தழைச்சத்து அதில் இருக்கிறது. அளவோடு இட்டால் பயன் தரும். ஆனால் அது செடிக்கு உணவேயன்றி மண்ணுக்கு உணவன்று. மண்ணின் உடலைக் கட்டுவது வேறு.

அந்த உடல் எத்தகையது? நல்ல தோட்ட மண்ணில் ஏறத்தாழப் பாதிதான் மண் துகள். மற்றப் பாதி இடைவெளி. அதில் காற்றும் நீரும் ஏறக்குறைய ஒத்த அளவில் இருக்கும். மக்கிய பொருளோ நூற்றுக்கு 5 பங்கு இருந்தாலே பெரிது. அந்தச் சிறுபங்குதான் துகள்களைச் சேர்த்துக் கட்டுகிறது, சரளையில் நீரை நிறுத்துகிறது, களியில் நீரை வடியவிடுகிறது, சத்துக்கள் கரைந்தோடாமல் பிடித்துவைக்கிறது, மண்புழுவுக்கு இரையாகிறது. சார்லஸ் டார்வின் தம் கடைசி நூலை 1881இல் மண்புழுக்களைப் பற்றியே எழுதினார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கரில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கும் மேலான மண் அவற்றின் உடல்வழியே சென்று மேலே வருகிறது என்று அவர் கணக்கிட்டார். நம் திடலில் முதலாண்டு மண்வெட்டி போட்டபோது ஒரு புழுவையேனும் கண்டோமில்லை. அதுவே நமக்குக் கிடைத்த முதல் மண் ஆய்வு.

நிற்க. இனி, புது மனை பெறுவோர் செய்யத்தக்கவற்றை முறையாகச் சொல்வோம்.

முதலாவது, மண்ணை அறிதல். ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணிட்டு, நீர் நிரப்பி, நன்கு குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் தங்கும். வண்டல் சில மணி நேரத்தில் படியும். களி மறுநாள் வரையிலும் கலங்கி நிற்கும். அடுக்குகளைப் பார்த்தாலே மண்ணின் சாதி விளங்கிவிடும். பின்னர் ஓரடி ஆழக் குழியில் நீர் நிரப்பி, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று காணுங்கள். சத்துக்களை அறிய ஆய்வகத்தை நாடவேண்டும். மனையின் பல இடங்களில் ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவில் அரையடி ஆழம் வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டிக் கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பகுதிகளைத் தள்ளி, அரைக் கிலோ அளவில் எடுத்து நிழலில் உலர்த்தி அனுப்பவேண்டும். எருக்குழியின் அருகிலும் மரத்தடியிலும் எடுத்தலாகாது. 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் 12 குணங்களைக் கணித்துத் தருவதாக அமைந்தது. மாவட்டந்தோறும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களையும் அணுகலாம். அவ்வகை நிலையங்களுள் இந்தியாவிலேயே முதலாவது 1974இல் நம் புதுச்சேரியில் தோன்றியது என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. கார அமில எண் 6க்கும் 7க்கும் இடையில் இருப்பது காய்கறிகளுக்கு ஏற்றது. ஆய்வு சொன்னாலன்றிச் சுண்ணாம்பு இடவேண்டா. இடுவதாயின், எருவோடு சேர்த்து ஒரே நாளில் இடவேண்டா. தழைச்சத்து ஆவியாய்ப் போய்விடும்.

இரண்டாவது, பாத்தி அமைத்தல். மனையை 4 அடி அகலமுள்ள இரு பாத்திகளாகவும், 2 அடி அகலமுள்ள இரு நடைபாதைகளாகவும் பிரித்துக்கொள்வீர். 4 அடி என்றால் இருபுறமும் நின்று கை எட்டும். பாத்தியை மிதிக்கத் தேவையில்லை. மிதிபட்ட மண்ணில் காற்று இருக்குமோ? செங்கல் துண்டுகளைப் பொறுக்கி, கடப்பாரையால் அடிச்சரளையை ஓரடி வரையில் தளர்த்தி, நடைபாதையின் மேல்மண்ணையும் பாத்திமேல் ஏற்றினால், மழைக்காலத்தில் நீர் வடிந்து வேர் பிழைக்கும்.

மூன்றாவது, எருக்குழி. இதுவே உயிர்நாடி. சத்தீஸ்கர் மக்கள் இதனைக் ‘குர்வா’ என்றும், வீட்டுத் தோட்டத்தைப் ‘பாரி’ என்றும் வழங்குகிறார்கள். நம் அண்டை மாநிலத்து இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் அறிஞர் 1924 முதல் 1931 வரை இருந்து, இந்நாட்டு உழவர்களின் வழக்கங்களையும் கூர்ந்து நோக்கி, மக்குரம் செய்யும் முறையை வகுத்தார். யஷ்வந்த் வாட் என்பாருடன் சேர்ந்து அதனை நூலாகவும் வெளியிட்டார். ‘இந்தூர் முறை’ என்று உலகெங்கும் அது பெயர் பெற்றது.

முறை எளிது. காய்ந்த சருகு அரையடி, அதன்மேல் பச்சைக் கழிவு இரண்டு அங்குலம், அதன்மேல் சாணக் கரைசலும் ஒரு கை மண்ணும், மீண்டும் சருகு. கரிமம் 30 பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு என்ற அளவை ஒட்டி அமைந்தால் குவியல் நன்றாக வெந்து மக்கும். பிழிந்த துணியின் ஈரம் போதும். இரண்டு வாரத்திற்கு ஒருமுறை புரட்டிவிட்டால், மூன்று நான்கு மாதங்களில் கருத்து உதிரும் எரு கிடைக்கும். நம் வீட்டுக் கழிவுகளே இதற்குப் போதுமானவை. கறிவேப்பிலைக் காம்பு, வாழையிலை, முருங்கைச் சக்கை, கீரைத் தண்டு இவற்றோடு, காலைதோறும் வடிகட்டியில் தங்கும் காப்பித்தூள் சக்கையும் நல்ல சரக்கே. நிலக்கரிச் சாம்பலையும், இன்னதென்று தெரியாத ஆலைக் கழிவையும் மட்டும் சேர்க்கலாகாது, நஞ்சு கலந்திருக்கலாம்.

சருகுக்கு எங்கே போவது என்பீர். மாசியிலும் பங்குனியிலும் நம் தெருக்களில் வேம்பும் மற்ற மரங்களும் கொட்டுவதை என்ன செய்கிறோம்? கூட்டிக் கொளுத்துகிறோம். திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் நாடெங்கும் தடைசெய்தது. தடையை விட்டுத்தள்ளுங்கள், நாம் கொளுத்துவது நம் தோட்டத்தின் முதலை அன்றோ!

நான்காவது, பசுந்தாள். இங்கே நம் ஊர்ப் பஞ்சாங்கம் சற்று மாறவேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கும் பழக்கம் நம் குருதியில் ஊறியது. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் பெருமழை ஐப்பசியில் வரும். இங்கோ ஆனியில் தொடங்கி, ஆடியிலும் ஆவணியிலும் கொட்டித் தீர்க்கும். பெரும்பாலான ஆண்டுகளில் நம் ஆடி அமாவாசையன்றே இவ்வூர் உழவர்கள் ‘ஹரேலி’ கொண்டாடி, ஏரையும் மண்வெட்டியையும் கழுவிப் பூசிக்கிறார்கள். அந்த மழையை வீணாக்காமல், ஆனி முதல் மழையில் சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து, 45 நாளில் பூக்கும் தறுவாயில் வெட்டி மண்ணில் மடக்கிவிடவேண்டும். அவரையினச் செடிகளின் வேர்முடிச்சு காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது என்பதை 1886இல் ஹெல்ரீகல் என்னும் ஜெர்மானியர் எடுத்துக்காட்டினார். மடக்கியது மக்க இரண்டு மூன்று வாரம் விட்டு, புரட்டாசியில் நாற்றுவிட்டு, ஐப்பசியில் தக்காளியும் கத்தரியும் நட்டால், பனிக்காலம் முழுவதும் காய் பறிக்கலாம். முதலாண்டில் தட்டைப்பயறும் கொத்தவரையும் மெலிந்த மண்ணிலும் மனம் கோணாமல் வளரும். அறுவடைக்குப்பின் பாத்தியை வெறுமையாய் விடாமல் சருகால் மூடாக்கு இடுதல் வேண்டும். 45 டிகிரி ஏறும் இக்கோடையில் மூடாத மண் வெந்துவிடும்.

இவையெல்லாம் செய்தால் ஓராண்டில் மண் திருந்திவிடுமா? இங்குதான் ஒரு சிறு கணக்குப் போட வேண்டியிருக்கிறது. நம் இரு பாத்திகளும் சேர்ந்து 160 சதுர அடி. அதாவது ஏறத்தாழ 15 சதுர மீட்டர். அரையடி ஆழம் வரையில் அங்குள்ள மண்ணின் எடை சுமார் 3 டன். மண் ஆய்வில் அங்ககக் கரிமம் நூற்றுக்கு 0.5க்குக் கீழ் இருந்தால் குறைவு என்றும், 0.75க்கு மேல் இருந்தால் மிகுதி என்றும் கணிப்பர். ஒரு மனையில் அது 0.3 என்று வைத்துக்கொள்வோம். அதை 0.6 ஆக்க, 9 கிலோ கரிமம் மண்ணில் நிலைத்து நிற்கவேண்டும். தமிழ்நாட்டில் கத்தரிக்கும் தக்காளிக்கும் பரிந்துரைக்கும் அளவு ஹெக்டேருக்கு 25 டன் தொழு உரம்; நம் பாத்திகளுக்கு அது சுமார் 38 கிலோ. அதில் கரிமம் 5 அல்லது 6 கிலோ இருக்கலாம். இவ்வெப்ப நாட்டில் அதன் பெரும்பகுதி ஓரிரு ஆண்டில் காற்றோடு போய்விடும். இரண்டு கிலோ தங்கினால் நம் நற்பேறு. பழைய கரிமமும் ஆண்டுதோறும் சிறிது கழியும். ஆக, எவ்வளவு முயன்றாலும் நான்கைந்து ஆண்டுகளுக்குக் குறைந்து மண் பழுக்காது.

இப்போது எங்கள் பிழை உங்களுக்கு விளங்கியிருக்கும். ஐந்தாண்டு கேட்கும் மண்ணை நாம் ஆண்டுக்கொருமுறை சீட்டுக் குலுக்கி மாற்றினோம்.

நம் சங்கத்துத் தாயார் ஒருவர் முதலாண்டில் தமக்கு வாய்த்த மனையில் ஆறு மாத காலம் பாடுபட்டார். விடியற்காலையில் தெருச்சருகை மூட்டை கட்டிச் சுமந்தார். பால்காரரிடம் சொல்லிச் சாணம் பெற்றார். கல் பொறுக்கிப் பொறுக்கி வரம்பே கட்டினார். அடுத்த சித்திரையில் அம்மனை வேறொரு குடும்பத்திற்குப் போயிற்று. அவருக்கு விழுந்தது மூலையிலிருந்த சரளை மேடு. அவர் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அவ்வாண்டு அவர் மனையில் எருக்குழி இல்லாததைக் கண்டு காரணம் கேட்டோம்.

“ஆறு மாசம் ஆச்சு தம்பி அந்த மண்ணைக் கறுப்பாக்க. சீட்டு எடுத்த அரை நிமிஷத்திலே போயிடுச்சு. அதை எடுத்தவங்க பேரிலே எனக்குக் கோபமில்லே. இனிமே எனக்கு மூட்டை யூரியா போதும், இந்த ஒரு வருஷத்துக்கு அது காணும்” என்றார்.

நாங்கள் விடையின்றி நின்றோம். அந்தப் பழைய மனையைப் பெற்ற குடும்பமும் அவ்வாண்டு நல்ல தக்காளி பறித்தது; ஆனால் மறு ஆண்டு யாருக்கோ என்று எண்ணி ஒரு கூடை எருவும் இடவில்லை. மூன்றாம் ஆண்டில் அங்கே மண் மீண்டும் இறுகத் தொடங்கிற்று. யாரும் தீயவரல்லர். நாம் வகுத்த விதியே நல்லவர்களையும் அவ்வாறு நடக்கச் செய்தது.

ஆகவே தோட்டக் குழுவின் வேண்டுகோள் இது. 12 மனைகளுள் 10 மனைகள் ஒவ்வொன்றும் ஐந்தாண்டு ஒரே குடும்பத்திடம் இருக்கட்டும். ஆண்டுக்கு இரு மனைகளின் தவணை முடியுமாறு தொடக்கத்தில் அமைத்துக்கொள்வோம். எஞ்சிய இரண்டும் புதிதாய் வந்த குடும்பங்கள் கற்றுக்கொள்வதற்காக ஆண்டுதோறும் மாறட்டும். இவ்வாறாயின் ஒவ்வொரு சித்திரையிலும் நான்கு மனைகளுக்குச் சீட்டு உண்டு. மனையை விட்டுச் செல்வோர், நிறைந்த எருக்குழி ஒன்றையும், என்ன இட்டோம், எப்போது இட்டோம், என்ன விளைந்தது என்று குறித்த ஏடு ஒன்றையும் அடுத்தவர் கையில் ஒப்படைக்கவேண்டும்.

இதற்குத் தடைகள் கூறுவோர் உண்டு. காத்திருப்போர்க்கு நெடுநாள் ஆகுமே என்கிறார்கள். உண்மை, அது நம் திட்டத்தின் குறையே. அவர்கள் இப்போதே ஒரு மனையில் பங்காளியாய்ச் சேர்ந்து உழைத்து, விளைவில் பங்கு பெறலாம் என்பது தவிர எங்களிடம் வேறு மருந்தில்லை. ஐந்தாம் ஆண்டில் எரு இட யாருக்கு மனம் வரும் என்கிறார்கள். ஒரு குழியை ஒப்படைப்பவர் பின்னொரு நாள் வேறு மனை பெறும்போது அங்கும் ஒரு குழி நிறைந்திருக்கும் என்பதே அதற்கு விடை.

மூன்றாவது தடைதான் கடினமானது. “நிலமும் நம்முடையதன்று, வீடும் நம்முடையதன்று, ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஊர் திரும்ப வேண்டியவர்கள் நாம். யாருக்காக இந்த மண்ணைத் திருத்துவது?” என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. இசைவு ஏதேனும் ஓராண்டு மறுக்கப்படலாம் என்பதையும் நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் அவ்வாறு நேர்ந்தால் நாம் இழப்பது என்ன? கொளுத்தியிருக்க வேண்டிய சருகும், வீசியிருக்க வேண்டிய காப்பிச் சக்கையும், மாலை நேரத்து உழைப்புமே. அதற்குள் பறித்த காய்கள் நம் வயிற்றிலும், அண்டை வீட்டார் வயிற்றிலும் சென்று சேர்ந்திருக்கும். இவ்வூர்த் தோழியர் நம் வேலியருகே நின்று லால் பாஜிக் கீரைக்கு விதை தந்ததும், நாம் அவர்க்கு முருங்கைப் போத்து தந்ததும் மண்ணோடு போகா.

அன்றியும், நாம் வந்தபோது இத்தெருக்களில் வேம்பு நிழல் தந்தது. அதை நட்டவர்கள் நமக்கு முன் இவ்வீடுகளில் இருந்து, எப்போதோ பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டவர்கள். அவர்கள் பெயரும் நமக்குத் தெரியாது. அந்த மரங்கள் உதிர்க்கும் சருகைத்தான் நாம் குழிக்கு இடுகிறோம்.

பொதுக்குழுவில் இவ்விதிக்கு ஆதரவு தருமாறு அனைவரையும் வேண்டுகிறோம். விதி மாறினாலும் மாறாவிட்டாலும், மாசி பிறந்ததும் திடலின் ஓரத்தில் பொதுக்குழி ஒன்று வெட்டப்படும். தெருச்சருகை அங்கே கொண்டுவந்து சேர்க்கக் கோருகிறோம். அத்தாயாரிடமும் சொல்லியிருக்கிறோம், “குழி வெட்டுங்க தம்பி, பார்க்கலாம்” என்றார். அந்தப் ‘பார்க்கலாம்’ என்னும் சொல்லை நாம் பொய்யாக்கலாகாது.